ஐந்து தாளிலும் நாலு

இயற்பியல் பட்டம் வாங்கிய கையோடு, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நிறத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. பொழுது சாயும்போது வானில் ஒரு மாதிரியை விட்டுப் பார்ப்பார்கள். முதலாளி "தேவல" என்றால் அந்த மருந்துக் கலவை தேறிவிடும். எனக்கு இது பொறுக்கவில்லை. ஐந்து பேர் பத்துக்கு மதிப்பெண் போட ஒரு தாள் தயாரித்தேன். சராசரி ஐந்துக்குக் கீழே போனால் கலவை தள்ளுபடி என்ற விதியையும் நானே எழுதினேன்.

"நம்மள மறுபடி பரீட்சை எழுத வச்சிட்டாகளே!" என்று போர்மேன் சிரித்தார்.

முதல் நாள் பச்சை நிறம். அது மறைவதற்குள் முதலாளி, "என்னலே, சோகை பிடிச்ச பச்சையா இருக்கு?" என்றார். ஐந்து தாளிலும் நாலு விழுந்தது. இத்தனை கண்கள் ஒத்துப்போவதுதான் துல்லியம் என்று பூரித்துப்போய் முதலாளியிடம் நீட்டினேன்.

முன்பெல்லாம் அவர் திட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். இப்போது அவர் கையில் ஓர் எண் இருந்தது. மருந்து கலக்கிய அண்ணனை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த அண்ணன் என்னிடம் வந்தார். "அவுகள விடுங்க தங்கச்சி. நீங்க படிச்சவுக. ஒங்க கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பச்சை நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது தாள் என்னுடையது.

"நாலுதாண்ணே" என்றேன்.