மூட்டைக்குள் கிடக்கும் தோலுக்கு என்ன நிறம்?

பிள்ளைகளே, அப்பாவிடம் ஏதாவது சம்மதம் வாங்க வேண்டுமானால், முதலில் அவரைத் தன் தொழிலைப் பற்றிப் பெருமை பேச விடுங்கள். என் மகள் அப்படித்தான் என்னைப் பிடித்தாள்.

பிளஸ் டூ முடித்ததும், சென்னையில் தத்துவம் படிக்கப் போகிறேன் என்றாள். அதில் மெட்டாபிசிக்ஸ்தான் தனக்குப் பிடித்ததாம். நான் பத்தாவதோடு நின்றவன். அது என்ன என்று கேட்டேன்.

"எது நிஜமா இருக்குது, 'இருக்குது'ன்னா இன்னான்னு கேக்குற படிப்புப்பா."

கெமிஸ்ட்ரி படிக்கும் அவள் அண்ணன் சிரித்தான். "இருக்கறத இருக்குதான்னு கேக்கறதுக்கு ஹாஸ்டல் வேறயா? சயின்ஸ்னா சோதிச்சுப் பாக்கணும். இவங்க காலங்காலமா பேசறாங்க, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் ஒத்துக்கிட்டாங்களா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. "அது சயின்ஸ்தான்னு காட்டு, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஷேடு பார்ப்பது என் வேலை. சாயம் போட்ட தோலின் நிறம், வாங்குபவர், எங்கள் பேச்சில் பையர், கொடுத்த மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். "எங்க வேலையப் பாரு. நாலு பேர் பாத்தாலும் ஒரே பதில்தான். அதான் சயின்ஸ்" என்றேன்.

"காட்டுப்பா" என்றாள். சூடான பாத்திரம் பிடிக்க என் மனைவி வைத்திருந்த துண்டுத்தோல் மூட்டையிலிருந்து அவளே இரண்டு பழுப்புத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். டியூப்லைட்டின் கீழ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். மகனும் ஆமாம் என்றான்.

உடனே துண்டுகளோடு மொட்டைமாடிக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். வெயிலில் ஒரு துண்டு மட்டும் மற்றதைவிடச் சிவப்படித்தது. ஒரு மாதம் முன்பு, இதே காரணத்துக்காக நானே கழித்து வீட்டுக்கு எடுத்து வந்து புலம்பிய துண்டு அது. நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

"இதோட நிஜமான கலர் எதுப்பா?"

"வெயில்ல தெரியறதுதான்."

"அப்ப டியூப்லைட்ல தெரிஞ்சது பொய்யா?"

"பையர் எந்த லைட்ல பாக்கச் சொல்றாரோ, அதுல தெரியறது."

"அவர் லைட்ட மாத்திட்டா நிஜமும் மாறிடுமா? மூட்டைக்குள்ள இருட்டுல கெடந்துச்சே, அப்ப இதுக்கு இன்னா கலர்?"

"பிரவுன்தான்" என்றேன்.

"இருட்டுல கலரே கெடையாதுப்பா" என்றான் மகன். "பேஜார் எதுக்கு, மெஷின்ல அளந்துடலாம்."

"மெஷினும் உள்ள ஒரு லைட்டப் போட்டுத்தாண்ணா பாக்குது."

பிரவுன் என்று நானும், இல்லை என்று அவனும் கத்திக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள். "நாலு பேர் பாத்தா ஒரே பதில்னு சொன்னியே. இங்க ரெண்டு பேர்தான் இருக்கீங்க."

கீழிருந்து வந்த என் மனைவி, "மொதல்ல நான் காயப்போட்ட மிளகா மேலேர்ந்து எறங்குங்க. அது நிஜமாவே இருக்குது" என்றாள். இறங்கினோம்.

"சரி, இப்பச் சொல்லு. உன் படிப்பு சயின்ஸா?" என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

"இல்லப்பா. சோதிச்சு முடிக்கிற கேள்வி இல்ல இது. சயின்ஸ் இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

மகன் கை தட்டினான். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எது சயின்ஸ், எது இல்லன்னு நீ எந்த லேப்ல டெஸ்ட் பண்ணுவ? அந்தக் கேள்வியும் எங்க படிப்புதாண்ணா."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரியோடு ஒத்துப்போகாத, ஆனால் கழிக்கவும் மனம் வராத துண்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டுத் தனியாக மாட்டுவோம். இந்த அளவு வித்தியாசம் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அந்தச் சிவப்படித்த துண்டைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"சயின்ஸ் இல்ல. ஆனா பாஸ். பெட்டிய எடுத்து வை."

"ரூல மாத்திட்டியேப்பா" என்றான் மகன்.

"எங்க டிபார்ட்மென்ட்ல இதான்டா ரூலு."

இப்போது அந்தத் துண்டு ஹாஸ்டலில் அவள் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி மூடியிருக்கும்போது அது என்ன நிறம் என்று மகன் இன்னும் என்னோடு சண்டை போடுகிறான். பிரவுன்தான்.