மூடியில் வைத்த சந்தனம்

போன வாரம் லஸ் சிக்னலில் என் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பழைய கார். நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி, எரியாத பெட்ரோல் வாசனையை விட்டுக்கொண்டிருந்தது. "மிஸ்ஸிங் அடிக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு இருக்கிற கிழவனுக்கு இன்ஜின் சமாசாரம் எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பார். நல்லாவே தெரியும். ஒரு மார்கழி முழுக்க என்னைத் தூங்கவிடாத சத்தம் அது.

அப்போது மந்தைவெளியில் ஒரு வக்கீல் சாரிடம் டிரைவராக இருந்தேன். எட்டாவதோடு நின்ற எனக்கு ஸ்டியரிங் பிடிக்க வந்ததே தெய்வம் போட்ட பிச்சை. சார் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. நானும் மசக்கையாக இருந்த என் மனைவியும் அதில் இருந்தோம். வேலை போனால் அறையும் போகும்.

மார்கழி பிறந்ததும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் எடுத்தால் நாலு சிலிண்டரில் ஒன்று ஓடாது. மத்தியானம் ஒன்றுமே நடக்காத மாதிரி நல்ல பிள்ளையாக ஓடும். நானும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கார்புரேட்டரை ஊதினேன். நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடை மாலை வேண்டிக்கொண்டேன். சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் சொல்லிவிட்டார்: "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வித்துடப் போறேன். நேக்கு ஆட்டோவே போறும்."

வெள்ளிக்கிழமை காலை சாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே பட்டினப்பாக்கம் போகிற வழியில் இருந்த மெக்கானிக் பாய் ஷெட்டுக்கு விட்டேன். தகரக் கூரை, கிரீஸ் வாசனை, பாய் குடிக்கிற இஞ்சி டீ வாசனை. பாய் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"காலைல மட்டுந்தான் அடிக்குதா நைனா?"

"ஆமா பாய். வெயில் ஏறினா சரியாயிடுது."

"அப்ப உன்ன மாதிரிதான். காலைல சோம்பேறி."

இன்ஜினை ஓடவிட்டு, துணியால் பிடித்துப் பிளக் வயரை ஒவ்வொன்றாக உருவினார். உருவும்போது சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. இரண்டாவதை உருவினார், சத்தம் மாறவே இல்லை. புதுப் பிளக் போட்டார், அப்படியேதான். "பிளக்குக்குக் கரண்டே வரல" என்று வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அவர் விரல் நின்றது.

"இன்னாப்பா இது?"

மூடி முழுக்க மஞ்சளாக, வயர் சொருகுகிற இடமெல்லாம் சேர்ந்து அடை மாதிரி சந்தனம். நான் வைத்ததுதான். தினமும் குளித்துவிட்டு அங்கே ஒரு பொட்டு வைப்பேன். மிஸ்ஸிங் ஆரம்பித்த பிறகு பயத்தில் இரண்டு, மூன்று. மார்கழிப் பனியில் அது ஊறும், கரண்ட் அதன் வழியாகக் கசியும். வெயிலில் காய்ந்தால் வண்டி சரியாகும். நான் வேண்ட வேண்ட வண்டி கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

பாய் இன்ஜினை அணைத்துவிட்டுத் துணியை என்னிடம் நீட்டினார். "நீயே தொடை. சாமிக்குன்னு வெச்சத நான் எடுக்கக் கூடாது."

துடைத்து மாட்டினேன். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார் எழுந்து வந்தார். "என்ன பாய் கோளாறு?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். "பழைய மூடி சார். ஈரம் எறங்கிக்கிச்சு."

"பழசுதான். இன்னிக்கு மூடி, நாளைக்கு இன்னொண்ணு. வித்துடலாம்."

என்னைக் காப்பாற்றத்தான் பாய் அப்படிச் சொன்னார். அதுவே என் அறைக்கு உலை வைத்தது. உண்மையைச் சொன்னாலும் வேலை போகலாம். என் தப்புக்கு வண்டி பழி சுமப்பதும், பாய் பொய் சுமப்பதும் எனக்குத் தாங்கவில்லை.

"மூடி மேல தப்பில்ல சார். நான்தான் சந்தனம் வெச்சேன்."

பாய் குனிந்து, கீழே விழாத ஸ்பேனரைத் தேடினார். சார் துணியை வாங்கிப் பார்த்தார். "தினமுமா?"

"தினமும் சார். ரிப்பேரான நாள்ல கூட ரெண்டு."

சார் துணியை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "கோர்ட்டுக்கு நாழியாறது, எடு."

அவ்வளவுதான். வண்டியை விற்கவில்லை. ஆஞ்சநேயருக்கு வடை மாலையையும் சாத்தினேன், வேண்டியது வேண்டியதுதானே. அடுத்த ஆயுத பூஜைக்குப் பாய் பானெட்டைத் திறந்து, ஏர் பில்டர் டப்பாவின் மேல் தன் கையால் துடைத்துவிட்டார். "இங்க வெச்சிக்க நைனா. எவ்ளோ வேணா அப்பிக்க." ஒவ்வொரு வருஷமும் அப்படித் துடைத்துக் கொடுத்தார்.

சார் காலமானார், வண்டி கைமாறியது. ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வாட்ச்மேன் எழுந்து வந்து யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் பாயின் பெயரை நான் கேட்டதே இல்லை.