பொட்டு வைத்த ஆலம்போத்து

கனகம்மாசத்திரம் போகும் சாலையில் மரங்களுக்குத் தண்ணீர் சுமப்பதுதான் கன்னியம்மாளின் பிழைப்பு. யுத்தத்தில் விறகுக்குப் போன சாலை மரங்களின் இடத்தில், யுத்தம் ஓய்ந்த மறு வருஷம் ஆலம்போத்து நட்டார்கள். தொடை கனத்துக்கு ஆலங்கிளையை வெட்டி, அடியைக் குழியில் இறக்கி, மேல்வெட்டு காயாமலிருக்கச் சாணியை அப்பிவிட்டால் போத்து நட்டாயிற்று. நடுகிறவர்கள் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேர் பிடிக்கும் வரை குடம் சுமக்கிறவளுக்குத்தான் இடுப்பு ஒடியும்.

கன்னியம்மாளுக்கு நிஜமாகவே ஒடிந்துதான் போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. மேஸ்திரி சத்தார் பாய் ஈவிரக்கம் உள்ளவர்.

"எல்லாப் போத்தும் வேர் புடிச்சிட்டா தண்ணி வேல முடிஞ்சிது கன்னியம்மா. அப்பால உன்ன ஜல்லி ஒடைக்கிற எடத்துல குந்த வெச்சிடறேன்" என்றார்.

உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கோடையைத் தள்ளினாள். ஆனால் ஒரு போத்து பட்டுப்போனாலும் அந்தக் குழியில் புதிதாக ஒன்றை நடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து குடம்.

கே.ஜி.கண்டிகைத் திருப்பத்தில் இருந்த போத்தை ஆட்டுக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. துளிர்க்கத் துளிர்க்க ஒடித்தார்கள். அது செத்தது, அடுத்து நட்டதும் செத்தது. திட்டினாள், கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் நட்ட போத்துக்கு மஞ்சளைப் பூசிப் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். மறுநாள் ஆட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். தன் சமர்த்தை அவளே மெச்சிக்கொண்டாள், பாவம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த கூட்டம் திருப்பத்தில் நின்றது. மஞ்சள் முகம், நெற்றியில் பொட்டு, உச்சியில் கொண்டை மாதிரி சாணி. அம்மன் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்? எண்ணெய் ஊற்றினார்கள், அடியில் கற்பூரம் கொளுத்தினார்கள். கூட்டம் போன பிறகும், பக்கத்துக் குடிசை ரத்தினம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் கொளுத்தினாள். ஐப்பசியில் மற்ற போத்துகளெல்லாம் வேர் பிடித்துத் தழைத்தன. இதன் பட்டையைக் கன்னியம்மாள் நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை, பால் இல்லை.

சத்தார் பாய் கடப்பாரையோடு வந்தார். "இத்தப் புடுங்கிட்டு எடத்த அப்டியே வுட்டுடலாம். உன் தண்ணி வேல இன்னியோட சரி."

கடப்பாரை மண்ணில் இறங்குவதற்குள் ரத்தினம்மாள் நாலு பேரைக் கூட்டிவந்து குறுக்கே நின்றாள். "அம்மா வாடிக்கீறா பாய். தண்ணி ஊத்தினா துளுப்பா. கன்னியம்மாவ நிறுத்தாதீங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், கன்னியம்மாளைப் பார்த்தார், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார். "இது தழையிற வரிக்கும் ஊத்திகினு இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

கன்னியம்மாளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. "நான்தான் ஆட்டுக்குப் பயந்து பொட்டு வெச்சேன் ரத்தினம்மா. இது சாமி இல்ல. செத்த கட்ட" என்றாள்.

ரத்தினம்மாளின் கண்கள் கலங்கின. "ஊர்ல அத்தினி பேர் இருக்க, உன் கையாலதான் பொட்டு வெச்சிக்கணும்னு அம்மா நெனச்சிகீறா பாரு" என்று சொல்லி, சட்டென்று கன்னியம்மாளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.