மண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

கண்ட்ரோலரை ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடக்கியிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனபோது பக்கத்து சீட்டிலிருந்த அம்மா, "சோறாட்டி?" என்று கேட்டார்.

"இல்லம்மா, மூளை."

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அப்போது அப்படித்தான் பேச வரும். எம்.ஈ. இரண்டாம் வருடம், கட்டுப்பாட்டுப் பொறியியல். எதைப் பார்த்தாலும் இதற்கு ஒரு கண்ட்ரோலர் போட்டால் என்ன என்று தோன்றும். ஹாஸ்டல் வெந்நீர்த் தொட்டிக்கு ஒன்று போட்டு வார்டனிடம் திட்டு வாங்கியவள் நான். ப்ராஜெக்ட் என்று வந்ததும், வகுப்பில் மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மோட்டார்களை எடுத்துக்கொண்டார்கள். நான் என் அக்காவின் மிளகாய்த் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். அந்த அவசரத்தை இப்போது நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

அக்காவுக்கு ஒரு ஏக்கர் கரிசல். ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புவதுதான்; பங்குனி வரைக்கும் அதை வைத்தே ஓட்ட வேண்டும். அத்தான் லாரியில் வடக்கே போனால் வர மாதமாகும். அக்கா காலை ஏழு மணிக்கு, எங்கள் பக்கம் ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டி ஆலையின் வேனில் ஏறி, சாயங்காலம் இறங்குவாள். தீக்குச்சி மருந்தின் நெடியில் அவளுக்கு இருமல் நிற்பதேயில்லை. இந்த வருஷம் மிளகாய் முழுசாகக் கைக்கு வந்தால் வேனுக்கு முழுக்குப் போட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். மாசியோடு நின்றுவிடுவேன் என்று வேன்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். என் டப்பாவைத் தோட்டத்தில் வைக்கச் சம்மதித்ததே அதனால்தான்: தண்ணீர் பாய்ச்ச ஆள் நிற்க வேண்டாம், தண்ணீரும் மிச்சமாகும் என்று நான் சொன்னேன்.

தோட்டத்தின் மேட்டுப்பக்கம், மேல்பாதியில், ஒரு சாண் ஆழத்தில் சென்சாரைப் புதைத்தேன். வாங்க முடிந்தது அது ஒன்றுதான். அது மண்ணின் ஈரத்தை நாள் முழுக்கப் பதியும்; காலை ஏழு மணிக்கு டப்பா ஒருமுறை அதைப் பார்க்கும். வெயில், காற்று இவற்றையும் சேர்த்துப் பார்த்து குட்டையிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்கு இறைக்கும் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட விடுவது என்று முடிவெடுக்கும். ஃபஸ்ஸி லாஜிக் என்று அதற்குப் பெயர். 'கொஞ்சம் காய்ந்திருக்கிறது', 'ரொம்பக் காய்ந்திருக்கிறது' என்று நாம் வாயால் சொல்வதைக் கணக்காக மாற்றிக்கொள்ளும் வழி. மூன்று வாரப் பதிவுகள் சேர்ந்ததும் அதற்கு மேலே ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கை ஏற்றுவதாகத் திட்டம். நடந்ததைப் பார்த்துப் பழகி, நாளைக்கு மண் எப்படி இருக்கும் என்று அது ஊகிக்கும். வீண் இறைப்பைக் குறைக்கும். அக்காவுக்குப் புரியட்டும் என்று டப்பாவின் மேல் ஒரு விளக்கும் வைத்தேன். மண் காய்ந்தால் சிவப்பு, ஈரமானால் பச்சை.

"இந்த சுவிட்சு எதுக்கு?" என்று கேட்டாள்.

"கையால மோட்டாரப் போட, நிறுத்த. ஆனா நீ அதத் தொடப்பிடாது. தொட்டா டேட்டா கெட்டுப்போயிரும்."

"டேட்டா கெட்டா நாறுமோ?"

"அக்கா!"

"சரி சரி, தொடலட்டி. சாமி சத்தியமாத் தொடல."

முதல் பத்து நாள் மோட்டார் தினமும் ஓடியது. என் போனில் வரும் பதிவுகளில் மண் காய்ந்துகொண்டேயிருந்தது. டப்பா தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தது. "குட்டை எறங்குதேட்டி" என்று அக்கா இரண்டு முறை போனில் சொன்னாள். "வெயில் அப்படிக்கா, சரியாயிரும்" என்று நானும் இரண்டு முறை சொன்னேன். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாளிலிருந்து மண் நல்ல பிள்ளையாகிவிட்டது. ஏழு மணிக்கு டப்பா கேட்கும்போது ஈரம் நன்றாக இருந்தது, மோட்டார் ஓடுவதே அபூர்வமானது. கிராஃபைப் பெரிதாக்கினால் அநேகமாகத் தினமும் ஆறே முக்கால் வாக்கில் ஈரம் செங்குத்தாக ஏறியது. யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் மண் எப்படித் தானாக நனையும்? தை மாதத்துப் பனி, என்று நான் கண்டுபிடித்தேன். கரிசல் மண் பனியை உறிஞ்சுகிறது என்று அறிக்கையில் ஒரு முழுப் பத்தி எழுதினேன். ப்ராஜெக்ட் கைடாக இருந்த பேராசிரியர் அதை அடிக்கோடிட்டு, "இது புதுசா இருக்கே, இன்னும் விரிவா எழுதும்மா" என்றார். ஒரு பக்கமாக விரித்தேன்.

மூன்று வாரம் முடிந்ததும் நெட்வொர்க்கைப் பழக்கி, டப்பாவுக்குள் அனுப்பினேன். அதற்குப் பிறகு மோட்டார் ஓடியதாக ஒரு பதிவுகூட வரவில்லை. 'தண்ணீர்ச் சேமிப்பு' என்று தலைப்பிட்டு வரைந்த படத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அழகுக்காகப் பதிவுகளை வாரம் வாரமாக, காலண்டர் மாதிரி கட்டம் போட்டு வைத்தேன். ஆறு கட்டங்களில் காலை ஈரம் ஏறியது. ஏழாவது கட்டத்தில் ஏறவில்லை. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

பனிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மண்ணுக்கும் தெரியாது. வேன் வராத நாளும் சர்ச்சில் முதல் பூசைக்குப் போகிற நாளும் யாருக்குத் தெரியும் என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் முதல் பஸ். நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி சென்சார் புதைத்த இடத்தில் குனிந்து நின்றாள். கையில் செம்பு. தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே, "குடி. குடிச்சிட்டு சத்தம் போடாமக் கெட" என்று சொன்னாள். டப்பாவில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

"அக்கா."

செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயது அவளுக்கு.

"என்னக்கா செய்யுத?"

"நீ சுவிட்சத் தொடாதன்னுதான சொன்ன? நான் சுவிட்சத் தொடலயே."

சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அவள் காலடியைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. சென்சாருக்கு ஒட்டினாற்போலக் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. தை பிறந்தால் கரிசல் வெடிக்கும். நடக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த வெடிப்பு சென்சாரின் ஒரு பக்கத்து மண்ணை அப்படியே விலக்கிக் கொண்டுபோயிருந்தது. அது மண்ணில் இல்லை, காற்றில் நின்றுகொண்டிருந்தது. காற்று எப்போதும் காய்ந்துதான் இருக்கும். முதல் பத்து நாள் என் டப்பா அந்தக் காற்றின் தாகத்துக்காகக் குட்டையில் பாதியை இறைத்துவிட்டிருக்கிறது.

"தெனமும் ஏழு மணிக்கு மோட்டாரு ஓடுது. குட்டையும் எறங்கிட்டே போவுது. உங்கிட்ட சொன்னா வெயிலுங்க. செவப்பு எரிஞ்சாதான ஓடுதுன்னு ஒரு நா செம்புத் தண்ணிய ஊத்திப் பாத்தேன். பச்ச ஆயிட்டு. கம்முனு இருந்துட்டு."

"தண்ணியே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"நான் என்ன கிறுக்கியா? வாரத்துக்கு ஒரு தண்ணி போதும். அதாம் ஞாயித்துக்கெழம ஊத்த மாட்டேன். நான் பூசைக்குப் போயிருவேன், அது பாட்டுக்கு ஓடிட்டு நிக்கும்."

அவள் கணக்கு சரியான கணக்கு. வாரம் ஒரு தண்ணீர் பாய்ந்திருந்தால் மிளகாய் தாங்கியிருக்கும். ஆனால் என் நெட்வொர்க், செம்புத் தண்ணீரை மூன்று வாரப் பதிவில் பார்த்துப் பழகியிருந்தது. இந்த மண் காலையில் தானாக நனைந்துகொள்ளும், இன்றைக்கு நனையாவிட்டாலும் நாளைக்கு நனைந்துவிடும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை மோட்டாரையும் அது நிறுத்திவிட்டது. அக்கா பூசையில் இருந்தாள். நான் ஹாஸ்டலில் கிராஃபைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடவில்லை என்பதைப் பார்க்க அங்கே யாருமில்லை.

"கடைசி மூணு ஞாயிறு தண்ணி பாயலக்கா."

"பாயலயா?"

"பாயல."

"எல வாடுனதுக்கு நோவுன்னுல்லா நெனச்சேன்." செம்பைக் கீழே வைத்தாள். "பாயலன்னு உன் போன்ல தெரியாதா?"

"தெரிஞ்சுது. மிச்சமாகுதுன்னு நெனச்சேன்."

ரோட்டில் வேன் வந்து ஹாரன் அடித்தது. அக்கா கையை ஆட்டி, இன்றைக்கு வரவில்லை என்று காட்டினாள்.

இருவரும் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். மேல்பாதியில் செடிகளுக்கு அடியில் பூக்கள் உதிர்ந்து கிடந்தன, யாரோ பொரியைச் சிந்தியது மாதிரி. கீழ்பாதி பள்ளம், பழைய ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கே பிஞ்சுகள் நின்றன. குட்டையில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் இல்லை.

வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தேன். இந்த முறை குட்டையையும் உள்ளே சேர்த்தேன். முன்பு என் டப்பாவுக்கு நான் கொடுத்திருந்த ஒரே கட்டளை, மண்ணை ஈரமாக வை என்பதுதான். தண்ணீர் ஒரு நாள் தீர்ந்துபோகும் என்று அதற்குச் சொல்லவேயில்லை. புத்தகத்துக் கணக்கில் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். இப்போது அறுவடைக்கு இன்னும் எத்தனை வாரம், எவ்வளவு தண்ணீர், எந்தப் பாதியில் எவ்வளவு பிஞ்சு என்று எல்லாவற்றையும் போட்டு, எப்படிப் பிரித்தால் அதிகம் மிஞ்சும் என்று தேடவிட்டேன். எப்படி எப்படியோ மாற்றிப் பார்த்தும் ஒரே விடைதான் வந்தது.

"மேல்பாதிய விட்டுறச் சொல்லுதுக்கா."

"யாரு, அதுவா?" டப்பாவைத் தலையால் காட்டினாள். "இம்புட்டு நாளும் அதுதான சொல்லுச்சு? அது சொல்லியாட்டி மறுபடியும் கேக்கணும்?"

"முன்னாடி நான் தப்பாக் கேட்டேன். இப்ப..."

"மேல்பாதி மொத்தமும் நான் ஒத்தைக்குக் களையெடுத்தது. ரெண்டு பாதிக்கும் சமமா விடுவோம். ரெண்டும் ஏதோ கொஞ்சம் குடுக்கட்டும்."

"சமமா விட்டா ரெண்டு தண்ணிதான் வரும். அதுக்கப்புறம் கீழ்பாதியும் போயிரும். கீழ மட்டும் விட்டா நாலு தண்ணி வரும், பறிப்பு வரைக்கும் தாங்கும்."

"நாலு வரும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அவள் கேட்டு முடிப்பதற்குள் தெரியும் என்று சொல்லியிருப்பேன். "இப்ப தெரிஞ்சத வச்சு, அப்படித்தான்" என்றேன்.

அவள் எழுந்து மேல்பாதிக்குப் போனாள். ஒரு செடியைப் பிடுங்கினாள், உதறினாள், பார்த்தாள். நாலைந்து வரிசை தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வேர் நுனிகள் பழுப்பாகி நூல் மாதிரி தொங்கியதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

சாயங்காலம் பக்கத்துப் புஞ்சையில் மேய்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரரை அக்காவே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மேல்பக்கம் மட்டும் மேய விடுங்க. கீழ எறங்கிறப்பிடாது."

அவர் செடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்னம்மா, பூத்த செடியாட்டுல்லா இருக்கு? நாளப்பின்ன என்ன ஏசப்பிடாது."

"ஏசல. விடுங்க."

"கம்ப்யூட்டர்லாம் வச்சு வெவசாயம் பண்ணுதீங்கன்னு ஊரே பேசுதே..."

"அந்தக் கம்ப்யூட்டர்தான் உங்க ஆட்டுக்கு விருந்து வைக்குது. விடுங்க அண்ணாச்சி, இருட்டப் போவுது."

ஆடுகள் ஏறின. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் கீழே இறங்கி வந்தாள். மேல்பாதி வால்வை மூடினேன். டப்பாவின் ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அவளையே போடச் சொன்னேன். போட்டாள். மோட்டார் இருமிக்கொண்டு பிடித்தது. கீழ்பாதிக் குழாய்களில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு வரிசையாக நடந்து, அடைத்திருந்த துளைகளை ஊக்கால் குத்திவிட்டோம். இடுப்பு விட்டுப்போனது. மேலே செடி முறியும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கடைசி வரிசையில் அவளுக்கு இருமல் வந்தது. அடங்கும்வரை குனிந்து நின்றாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வேன்காரரின் நம்பரை அழுத்தினாள்.

"அண்ணாச்சி, நாந்தான். மாசியோட நின்னுருவேன்னு சொல்லியிருந்தம்லா... இல்ல, இல்ல. நிக்கல. என் சீட்ட யாருக்கும் குடுத்துராதீங்க. நாளைக்கு வாரேன்."