வானத்தில் ஒரு வலம்

பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகத்தான் திருப்பூரில் நான் தொழிலைத் தொடங்கினேன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. இன்று காதர்பேட்டையில் என் பனியனைத் தொட்டுப் பார்க்காத வடநாட்டு வியாபாரி இல்லை. இதை எனக்காக வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேன். கம்பெனியிலும் சரி, வீட்டிலும் சரி, என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

என் ஒரே மகள் விமானம் ஓட்டப் படித்தாள். சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பயணிகள் விமானம் ஓட்டும் லைசென்சுக்கு இன்னும் கொஞ்சம் பறக்க வேண்டியிருந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாள். போன கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஏறினேன்.

விமானத்தில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம். காரில் டிரைவர் இருக்கும் வலப்பக்கம் எனக்குக் கிடைத்தது. நானே ஓட்டுவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேலேயிருந்து பார்த்தால் என் கம்பெனியின் தகரக் கூரை ஒரு கர்ச்சீப் அளவுதான். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வடக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் எங்கள் குலதெய்வக் கோயில். அதற்கு மேற்கே பைபாஸ் ரோடு.

"அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிலிட்டரி ஏர்போர்ட்டு எல்லைங்கப்பா. டவர்ல கேட்டு அனுமதி வாங்காம உள்ள போகக் கூடாது. கோயிலுக்குக் கெழக்கால போயி அப்படியே திரும்பிக்கலாம்" என்றாள்.

கிழக்கே போனால் சாமி எங்களுக்கு இடக்கைப் பக்கம் வரும்.

"ஏங்கண்ணு, சாமிய எடப்பக்கம் உட்டுட்டு எவனாச்சும் போவானா? வலமா ஒரு சுத்து சுத்து."

"இல்லீங்கப்பா, எடம் பத்தாது."

"சாமி குத்தமாயிரும். திருப்பு."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விமானத்தைக் கோயிலுக்கு மேற்கே கொண்டுபோனாள்.

காலால் நடந்து கோயிலைச் சுற்ற ஒரு வாசல் அகலம் போதும். விமானத்துக்கு ஒரு ஊரே வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கிழக்கேயிருந்து வீசிய காற்று வேறு எங்களை மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. கோபுரம் என் பக்க ஜன்னலில் இருந்ததால் அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தபடி ஓட்டினாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது பைபாஸ் ரோட்டைத் தாண்டிவிட்டிருந்தோம், அது என் ஜன்னலுக்குக் கீழே கிடந்தது.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மிலிட்டரி டவரிலிருந்து ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் பேசியது. அதட்டவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்டது. மகள் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அந்தக் குரல் சொன்னது, அவள் திரும்பினாள்.

அனுமதி இல்லாமல் நுழைந்ததற்கு விசாரணை வந்தது. லைசென்ஸ் இருக்குமா போகுமா என்பதே பேச்சாகிவிட்டது. அவள் சாப்பாட்டில் கை வைப்பாள், எழுந்துவிடுவாள். "ஊட்டுக்குள்ள உங்க பேச்சு நடந்தது போதாதுன்னு மேல போயும் நீங்கதானாக்கும்?" என்றாள் என் மனைவி. அவள் இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டதில்லை.

சென்னை விசாரணைக்கு நானும் கிளம்பினேன். வர வேண்டாம் என்றாள் மகள். வெள்ளை வேட்டி சட்டையோடு போய் முன்னால் உட்கார்ந்தேன். எத்தனை அதிகாரிகளைப் பார்த்தவன் நான்.

"அனுமதி வாங்காம நான்தான் திருப்பினேன் சார். என் தப்பு" என்றாள் மகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, திருப்பச் சொன்னது நானுங்க. எம்பேச்ச எம்புள்ள தட்ட மாட்டாளுங்க. அவ மேல குத்தமில்லீங்க."

விசாரித்த அதிகாரி என்னை நிதானமாகப் பார்த்தார். "அதுதாங்க பிரச்சனை. நாளைக்கு இவங்க பின்னாடி ஒரு விமானம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். அப்பவும் நீங்க சொன்னா திருப்பிடுவாங்களா?"

"மாட்டேன் சார்" என்றாள் மகள். என் பக்கம் திரும்பவில்லை.

அவளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். அவள் எனக்குப் பயந்தவள் என்றுதான் அங்கே எழுதிக்கொண்டார்கள். சில மாதம் பறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த மாதங்களில் அவள் கம்பெனிக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று செக்கிங் பார்த்தாள். என் பக்கத்தில் அவள் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட நாற்காலிதான் அது. அவள் அதில் உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

தடை நீங்கியதும், "நான் வரட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். அனுமதி கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"வாங்க. வாயத் தொறக்காம வரணுங்கப்பா."

கோயில் வந்தது. அவள் கிழக்கே போனாள். சாமி அவள் பக்க ஜன்னலில். என் பக்கம் வெறும் மானாவாரிக் காடு. இடப்பக்கம் விட்டுப் போகக் கூடாது என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். சாமி குற்றம் அவள் மேல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். "திருப்பு" என்று வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, கையை முழங்காலில் வைத்தபடி, கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.