சர்வருக்குக் கொடுத்த லீவு

அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்கு வரும் காலை ரயிலில், நின்றபடியே கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. எதற்குப் படிப்படியாக ஏற வேண்டும்? நேராக விண்டோஸ் சர்வர் 2025-க்கே போய்விடலாமே!

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரியின் டைரக்டரி, பழைய விண்டோஸ் சர்வர் 2012-இல் ஓடுகிறது. யார் எந்தக் கடவுச்சொல்லோடு எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று சொல்லும் பதிவேடு அது. அது வாயை மூடிக்கொண்டால் நான்கு லேபும் வெறும் மேசை நாற்காலிதான். அதற்கு இரண்டு பிரதிகள், இரண்டு சர்வர்களில். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். அந்தத் தைரியத்தில்தான் துறைத்தலைவரிடம், "2019, 2022, 2025ன்னு மூணு இருக்கு சார், இருக்கறதுலயே புதுசைப் போட்டுடலாம்" என்று குதித்தேன். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் விடுமுறை. காவடிக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ்ஸே நுழையாது. கல்லூரிக்கு யாரும் வரமாட்டார்கள். திறந்த மறுநாள் செய்முறைத் தேர்வு.

நேற்று காலை புதிய பெட்டியில் 2025-ஐ ஏற்றி, டைரக்டரியோடு சேர்க்கப் பார்த்தேன். மறுத்துவிட்டது. டைரக்டரி ஓடும் மட்டம் குறைந்தது 2016-ஆக இருக்க வேண்டுமாம். எங்களுடையது அதற்கும் கீழே. ரயிலில் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் படித்திருக்கிறேன்!

சரி, 2022 பழையதோடு ஒத்துப்போகும். அதைச் சேர்ப்பதற்கு முன், பழைய சர்வர்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்த்தேன். இரண்டாவது பேசவில்லை. கடைசியாகப் பேசியது பத்து மாதத்துக்கு முன்!

பள்ளிப்பட்டிலிருந்து வரும் லேப் அட்டெண்டர் அண்ணன் தேர்வு வேலைக்காக அன்றும் வந்து, பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கீழ்த்தட்டுல இருக்கற ரெண்டாவது சர்வர் ஓடுதா?"

"அதுவா தங்கச்சி? ஆயுத பூஜைக்கு நான்தான் ஆஃப் பண்ணேன்."

"ஆஃப் பண்ணீங்களா! ஏன்?"

"பூஜை அன்னிக்கு எவனாச்சும் மிஷின ஓட்டுவானா? ரெண்டையும் நிறுத்துனா அட்டெண்டன்ஸ் போடற கைரேகை மிஷின் வேல செய்யாதுன்னாங்க ஆபீஸ்ல. சரி, ஒண்ணுக்காச்சும் லீவு குடுப்போம்னு சந்தனம் வெச்சு நிறுத்துனேன்."

"மறுநாள் போடலயா?"

"எல்லாம் நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு? யாரும் கேக்கல. நீயும்தான் கேக்கல."

உண்மைதான். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒருநாளாவது குனிந்து பார்த்திருக்கிறேனா? இப்போது குனிந்தேன். ஓடுகிறதா என்று காட்டும் விளக்கின் மேலேயே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இதுக்கா இப்டி முழிக்கிற? இப்ப போட்டுட்டா போச்சு" என்று அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

"தொடாதீங்கண்ணா!"

"ஐயோ நைனா! கரண்டு அடிக்குதா?" என்று துணியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

ஆறு மாதத்துக்கு மேல் அணைந்து கிடந்த பிரதியை எழுப்பினால், இடையில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. நாம் நீக்கிய கணக்குகளையெல்லாம் இன்னும் இருப்பதாகச் சொல்லி, நல்ல பிரதியையும் குழப்பிவிடலாம்.

"படிப்ப முடிச்சிட்டுப் போன பசங்கல்லாம் திரும்ப உள்ள வந்துடுவாங்கண்ணா."

"அடப்பாவி! போன வருசம் டிசி குடுத்தமே, அவனுமா?"

சிரிக்கக்கூட முடியவில்லை. ஏதாவது கெட்டால் மீட்க தினசரி எடுத்துவைக்கும் நகல் எங்கே சேர்கிறது என்று தேடினேன். அந்த அணைந்த பெட்டியின் ஹார்ட் டிஸ்கில்தான்! அப்படியென்றால் பத்து மாதமாக நகலே இல்லை. மொத்தக் கல்லூரிக்கும் உயிரோடிருப்பது ஒரே ஒரு பிரதி. அதன் மேல்தான் நான் கைவைக்க இருந்தேன்.

துறைத்தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"சார், 2025 வேணாம். 2022 போதும்."

"ஏம்மா, புதுசுதான் வேணும்னு நீதானே குதிச்ச?"

"ஆங் சார், குதிச்சேன். கீழ என்ன இருக்குன்னு பாக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். "எந்த வருசத்து சர்வரோ எனக்குத் தெரியாது. பரீட்சை அன்னிக்குப் பசங்க உள்ள நுழையணும்" என்றார்.

இதை எழுதும்போது, வெளியே செருகிய ஹார்ட் டிஸ்கில் அந்த ஒரே பிரதியின் நகல் ஏறிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும், கல்லூரி நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த தனிக் கணினியில் அதை எழுப்பி, ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து பார்ப்பேன். திறந்தால் மட்டும் 2022-ஐ இரண்டாவது பிரதியாகச் சேர்ப்பேன். திறக்காவிட்டால் தேர்வு முடியும்வரை பழையதன் பக்கமே போகமாட்டேன்.