பாலாம்பிகையின் கைராசியும் பாலைவனப் பூவும்

லூயிஷாமில் பாலாம்பிகையின் கைராசியை அறியாத தமிழ் வீடு கிடையாது. லண்டன் குளிரில் கறிவேப்பிலையைக் கூரை முட்ட வளர்த்தவள் என்றால் சும்மாவா? அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், பனிக்காலத்தில் கணவர் கனகலிங்கத்தின் கம்பளிச் சால்வை, எல்லாம் அதற்குத்தான். சிவன் கோயிலில் அதன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள் என்றுகூட ஒரு கதை உண்டு. அவள் மறுக்கவில்லை.

அந்தக் கைராசிக்குத்தான் போன வருடம் சோதனை வந்தது. அரிசோனாவில் வாழ்க்கைப்பட்ட மகள் சிவரூபினி, அந்தப் பாலைவனத்தில் தானாகப் பூக்கும் நீலப் பூவின் விதையை மூன்று பொட்டலம் அனுப்பியிருந்தாள். “அம்மா, மணலிலை தூவிப்போட்டுப் பேசாமல் விடுங்கோ. பாக்கவே தேவையில்லை” என்று போனில் வேறு சொன்னாள்.

பார்க்கத் தேவையில்லையாம்! பாலாம்பிகைக்குச் சுருக்கென்றது. “மகள் ஆனியிலை வரேக்கை வாசல் முழுக்கப் பூத்து நிக்கும், பாருங்கோ” என்று கோயிலில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் பொட்டலம் முளைத்தது. காலையும் மாலையும் தண்ணீர் குடித்து, தண்டு அழுகிச் சரிந்தது. இரண்டாவதற்கு மீன் கழுவிய தண்ணீரும் சேர்ந்தது. பூஞ்சணம் மட்டும் செழித்து வளர்ந்தது; கைராசி அதில் தெரிந்தது. மூன்றாவதை வாசலில் ஒரு பெரிய சாடியில் தூவினாள். அது தலைகாட்டிய நேரம் பார்த்து, டொரொண்டோவில் தம்பி மகளின் கல்யாணம் வந்து நின்றது.

“இஞ்சாருங்கோ, வாசல் சாடிக்கும் உள்ளை கறிவேப்பிலைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தோணும். மறந்தியளெண்டா வந்து கதைக்கிறன்.”

கனகலிங்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இனி எதற்காகவும் எழும்புவதில்லை என்ற முடிவோடு சோபாவில் இருப்பவர். கல்யாணம், விருந்து, பதில் விருந்து என்று வாரங்கள் நீள, பாலாம்பிகை தினமும் போனில் கேட்டாள்: “ஊத்தினனீங்களோ?”

“ஓம், ஓம்.” பின்னால் கிரிக்கெட் சத்தம்.

திரும்பி வந்த அன்று டாக்ஸியில் இருந்து இறங்கியவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டாள். சாடி நிறைய நீலப் பூ. கண் கலங்கிவிட்டது.

“என்னப்பா ஊத்தினனீங்கள்?”

பூவைப் பார்த்த துணிச்சலில் கனகலிங்கம் உண்மையைச் சொன்னார். “ஒண்டும் ஊத்தேல்லை. இடைக்கிடை மழை பெய்தது.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

“அப்ப… கறிவேப்பிலை?”

வீட்டுக்குள் மழை பெய்வதில்லை. இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் தடியாக நின்றது. பாலாம்பிகை நிலத்தில் குந்தியிருந்து, வாய்விட்டு அழுதாள். பிறகு நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் பச்சை இருந்தது.

ஆனியில் சிவரூபினி வந்தாள். கோயில்காரரும் பூப்பார்க்க வந்தார்கள். “அக்கா, உங்கட கைராசியை ஆர் வெல்லுறது!” என்றாள் அவர்களில் ஒருத்தியான சுவர்ணா.

தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. பாலாம்பிகைக்கு மனம் வரவில்லை.

“என்ர கையில்லை. இவர்தான் வளர்த்தவர். ஒண்டுமே செய்யாமல் வளர்த்தவர்.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து செய்துவந்த வேலைக்குக் கனகலிங்கத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தானாகவே எழும்பிப் போய், பூவுக்கு ஊற்ற ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஐயோ, பேசாமல் இருந்த இடத்திலை இருங்கோப்பா!” என்று செம்பைப் பறித்த பாலாம்பிகை, அதைக் கறிவேப்பிலைக்குக் கொண்டு போனாள்.